கொக்கியில் தேய்ந்த இடம்

தண்ணீர் சுடக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் விட்டதே தெரியாதபடி இருக்க வேண்டும். பீங்கான் கிண்ணத்தில் அப்படி ஆறவைத்த தண்ணீரில் துளி சோப்பு கரைந்திருந்தது. கைகள் சங்கிலியை அதற்குள் இறக்கின. தேய்க்கவில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தன. அழுக்கு தானாக விட்டு அடியில் படியும்வரை பொறுத்திருந்தன. பிறகு நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, துவைத்துத் துவைத்து நைந்துபோன மல் வேட்டித் துண்டின்மேல் கிடத்தி, மறு மடிப்பால் மூடி, உள்ளங்கையால் ஒற்றின.

பதக்கத்தைத் திருப்பி, கல்லுக்கும் கட்டுக்கும் நடுவில் நின்ற ஈரத்தைத் துணி முனையை முறுக்கி உறிஞ்ச விட்டன. கடைசியாகக் கொக்கிக்கு வந்தன. அங்கே நின்றுவிட்டன.

கோயமுத்தூர் பாப்பநாயக்கன்பாளையத்தில், நரசிம்மலு நாயுடுவின் மனைவி கோமளாவின் கைகள் அவை. அறுபத்தெட்டாம் வருடம் தை மாதத்தில் ஒரு காலை வேளை. கொக்கியில் அவள் எதைக் கண்டாள் என்பதைச் சொல்வதற்கு, அவளுடைய சொந்தச் சங்கிலியிலிருந்து தொடங்க வேண்டும்.

கோமளா பிறந்தது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், வாய்க்கால் பாயும் வாழைத் தோட்டத்து வீட்டில். அவள் அம்மாவுக்கு இருந்த ஒரே கனத்த நகை இரட்டை வடச் சங்கிலி. நடுவில் மாங்காய் வடிவப் பதக்கம், அதில் சிவப்புக் கற்கள். அம்மா அதைக் கழற்றியே யாரும் பார்த்ததில்லை. வாழைத்தார் சுமக்கும்போதும், மாட்டுக்குத் தவிடு கலக்கும்போதும், வாய்க்காலில் தலை முழுகும்போதும் அது கழுத்தில்தான். ஒரு முறை பதக்கத்தின் அடியில் ஒரு கல் விழுந்து தொலைந்தது. ஊர் ஆசாரி வேறு கல் வைத்துக் கொடுத்தார். அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் கருஞ்சிவப்பு. கல்யாணத்தின்போது அம்மா அதைத் தன் கழுத்திலிருந்து கழற்றி மகள் கழுத்தில் போட்டாள். கோமளாவும் அம்மாவைப் போலவே அதைக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

நரசிம்மலு மோட்டார் பட்டறையில் லேத் வேலை பார்த்தான். அவன் அண்ணன் திருமலைசாமிக்குப் பஞ்சு வியாபாரம். ஒரே காம்பவுண்டில் முன்வீடு அண்ணனுக்கு, பின்வீடு தம்பிக்கு. அண்ணன் மனைவியை இழந்தவர். அவருடைய ஒரே மகள் வெங்கடலட்சுமிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தலை பின்னிவிட்டதும், சோறு போட்டதும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் கோமளாதான். தெலுங்கு வீடுகளின் வழக்கப்படி பெண் அவளைப் ‘பின்னி’ என்றுதான் கூப்பிடுவாள். சித்தி என்று அர்த்தம். அப்பாவை ‘நாய்னா’ என்பாள்.

அந்த வீட்டில் தம்பி மனைவி, கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். அவர் கூடத்தில் இருந்தால் இவள் உள் நிலைப்படிக்கு அப்பால் நின்றுகொள்வாள். சொல்ல வேண்டியதை நடுவில் இருக்கும் பெண்ணிடம் சொல்வாள். அவர் காதில் விழும். அவரும் பதிலைப் பெண்ணிடம் சொல்வார். வெங்கடலட்சுமி பாவாடை கட்டிய வயதிலிருந்து இருவருக்கும் நடுவில் நின்று வளர்ந்தவள். பாதி நேரம் அவள் வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

அறுபத்திரண்டு ஐப்பசியில் சீனாவோடு சண்டை வந்தது. பனியில் சிப்பாய்கள் காலில் நல்ல பூட்ஸ் இல்லாமல் நிற்கிறார்கள் என்று ரேடியோவிலும் தெருவிலும் பேச்சு. பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்கள். தெருவில் சேர்கிற தங்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைத் திருமலைசாமி எடுத்துக்கொண்டார். தெருக்காரர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது. வியாபாரத்தில் வாக்குத் தவறாதவர் என்று பெயர்.

மற்றவர்கள் காதுத் திருகோ கல்லிழைக்காத மோதிரமோ கொடுத்தபோது, கோமளா தாலி நீங்கலாகத் தன்னிடம் இருந்த ஒரே நகையைக் கொடுப்பதென்று முடிவு செய்தாள். நரசிம்மலு இரண்டு நாள் சமாதானம் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று, வெங்கடலட்சுமி கையில் சங்கிலியைக் கொடுத்தாள். பெண் நடந்துபோய் அப்பா கையில் கொடுத்தாள்.

திருமலைசாமி அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: “பின்னி கழுத்து மொட்டையா இருக்கக் கூடாது கண்ணு. கோட்டைமேட்டுல ரசாக்குன்னு ஒருத்தர் முலாம் பட்டறை வெச்சிருக்காரு. இதைப் பாத்து இதே மாதிரி ஒண்ணு செஞ்சுபோட்டு, அப்பறம் கொண்டுபோய்க் குடுக்கலாமுன்னு சொல்லு.”

கோமளாவுக்குக் கண் கலங்கியது. தான் கேட்காமலே அவருக்குத் தோன்றியதே என்று.

ரசாக் செம்பில் அச்சு அசலாகச் செய்து முலாம் பூசினார். கண்ணால் கண்டதை மாற்றத் தெரியாத மனிதர். அந்தக் கருஞ்சிவப்புக் கல்லுக்குக்கூட அதே நிறத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்து அதே இடத்தில் வைத்திருந்தார். பழையது நிதிக்குப் போய்ச் சேர்ந்தது என்று திருமலைசாமி பெண்ணிடம் சொன்னார். ரசீது இருக்கிறதா என்று கேட்க வேண்டுமென்று கோமளாவுக்குத் தோன்றவில்லை. வீட்டுப் பெரியவரிடம் சீட்டுக் கேட்பதாவது.

புதுச் சங்கிலியையும் அவள் தங்கத்தைப் போட்டிருந்த மாதிரியே போட்டுக்கொண்டிருந்தாள். குளித்தாள், சமைத்தாள், பூந்திக்கொட்டை ஊறவைத்துத் தேய்த்தாள். பொங்கல் வருவதற்குள் பிடரியில் படும் இடம் செம்பு தெரிந்து சிவந்தது. கணவனோடு ரசாக் பட்டறைக்குப் போனாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தங்கம் ஊட்டு ஆள் மாதிரிங்கம்மா, எந்நேரமும் கூடவே கெடக்கும். இது விருந்தாளிங்க. வந்தா மரியாதையா வெச்சிருந்து, பொழுதோட அனுப்பிப்போடோணும்.”

மறுபடி முலாம் பூசிக் கொடுத்தார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியைக் கோமளா தானாகவே கண்டுபிடித்தாள். அதற்கு வருடக்கணக்கானது.

எண்ணெய், பவுடர், சந்தனம், பூ எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் சங்கிலி. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு முதலில் அதைத்தான் கழற்ற வேண்டும். வியர்வை ஆறுவதற்குள் துணியால் ஒற்ற வேண்டும். ஆறிவிட்டால் உப்பு பிடித்துக்கொள்ளும். புளி, சாம்பல், எலுமிச்சை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் ஆகாது, அதில் உப்பு. சிறுவாணிக் குழாய்த் தண்ணீர்தான். வெயிலில் காயப்போடாமல், நிழலில் துணிமேல் ஒரு பகல் முழுக்கக் கிடக்க விட வேண்டும். ஈரம் கொஞ்சம் மிஞ்சினாலும் மூடிய டப்பாவுக்குள் அது பச்சையாகப் பூக்கும். ஒரு மழைக்காலம் அப்படிப் பூத்த பிறகு, டப்பாவில் பஞ்சுக்கு அடியில் சாக்கட்டி ஒன்று போட்டுவைத்தாள். ஈரத்தை அது குடித்துக்கொண்டது.

கொக்கிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. முலாம் எங்கே போனாலும் போகாவிட்டாலும், கொக்கியும் வளையமும் உரசும் இடத்தில் முதலில் போகும். உலோகத்தை உலோகம் தின்கிறது. யோசித்து யோசித்து, மஞ்சள் பட்டு நூலை ஒற்றை இழையாகப் பிரித்து, கொக்கியின் வளைவில் நெருக்கமாகச் சுற்றி, முனையை உள்ளே செருகிப் பார்த்தாள். நூல் நைந்தால் வேறு சுற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு அவள் சங்கிலியின் கொக்கி தேயவே இல்லை. ரசாக் அதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் வருகிறவர்களுக்கு அவரே நூல் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்.

அறுபத்துமூன்றில் தங்கக் கட்டுப்பாடு வந்து, நினைத்தபடி தங்க நகை செய்ய முடியாமல் போனபோது, அந்தப் பக்கத்தில் பல கழுத்துகளில் முலாம் பூசிய கில்ட்டு நகை ஏறியது. பெண்கள் கறுத்த நகைகளை எடுத்துக்கொண்டு கோமளாவிடம் வந்தார்கள். பால் ஊற்றும் பாவாத்தாள் தன் கம்மலைக் கொண்டுவந்தபோது அது அடுப்புக்கரி மாதிரி இருந்தது. எதில் கழுவினாய் என்று கேட்டதற்கு, புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்தேன், பித்தளைச் சொம்பு அதில் பளபளவென்று வருகிறதே என்றாள்.

“சொம்பைக் காதுல மாட்டியிருந்தீங்கன்னா அதுவும் பளபளன்னு இருந்திருக்குமுங்க” என்றாள் கோமளா.

“மாட்டலாமுங்க அம்மணி, காது தாங்கோணுமே” என்றாள் பாவாத்தாள்.

கோமளா யாரிடமும் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. கல்யாண வீடுகளில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பதக்கத்தைத் தொட்டுப் பார்த்து, இது கில்ட்டுத்தானே என்று உதட்டைச் சுழித்தால், அவள் நிமிர்ந்து ஒரே பதில்தான் சொல்வாள்.

“ஆமாங்க, கில்ட்டுத்தான். என்ர தங்கம் மலைமேல சிப்பாய்க்குப் போயிருக்குதுங்க.”

கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் நரசிம்மலு சிரிப்பான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவள் அந்தச் சங்கிலியை அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றினாள் என்று சொல்லலாம். அது மங்கிப்போய்க் கழுத்தில் தொங்கினால், கொடுத்ததை நினைத்து அவள் வருந்துகிறாள் என்று நாலு பேர் நினைத்துவிடுவார்கள் அல்லவா. ஆறாவது வருடத்திலும் அது புதிதாக இருந்தது.

அந்தத் தை மாதம் வெங்கடலட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் குடும்பம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் அவள் ஒரு சுருக்குப் பையோடு பின்வீட்டுக்கு வந்தாள். முகம் தொங்கியிருந்தது. பையைக் கோமளாவின் மடியில் போட்டாள்.

“எனக்கும் கில்ட்டே போட்டுப்போட்டாரு பின்னி, நாய்னா. உங்க சங்கிலி மாதிரியே ரசாக் பாய்கிட்டச் செய்யச் சொன்னாராம். கல்யாணத்தன்னிக்கு எடுத்தாப் போதும், பெட்டிக்குள்ளயே கெடக்கட்டுமுன்னாரு. தொறந்து பாத்தா அழுக்குப் புடிச்சுக் கெடக்குது. புதுசுங்கறாரு.”

அப்பா ஊருக்குள் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறார் என்றாள். கில்ட்டு என்றால் அவளுக்குத் தெரிந்த இடம் பின்வீடு ஒன்றுதான். அதனால் யாரையும் கேட்காமல் எடுத்து வந்துவிட்டாள். ஜாக்கெட் துணி எடுக்கக் காந்திபுரம் போவதாகவும், பொழுதோடு வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

கோமளா பையைப் பிரித்தாள். அதே இரட்டை வடம், அதே மாங்காய்ப் பதக்கம், அடியில் அதே கருஞ்சிவப்புக் கல். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. தன்னுடைய கில்ட்டுச் சங்கிலியை அவர் அவ்வளவு மதித்திருக்கிறார், பெற்ற மகளுக்கும் அதே மாதிரி செய்யச் சொல்லியிருக்கிறார் என்று. கல்லைப் பற்றி ஐயமே வரவில்லை. ரசாக் இருப்பதை அப்படியே செய்கிறவர். முதல் முறை செய்தது போல இப்போதும் செய்திருப்பார். கனம் கூடுதலாகத் தெரிந்தது. கல்யாணப் பெண்ணுக்கு என்பதால் செம்புக்குப் பதில் வெள்ளியில் செய்து முலாம் பூசியிருப்பார் என்று அதற்கும் காரணம் சொல்லிக்கொண்டாள். தண்ணீரை ஆறவைத்தாள். கில்ட்டுக்கு என்ன செய்வாளோ அதையெல்லாம் செய்தாள்.

கொக்கிக்கு வந்தபோதுதான் கைகள் நின்றன.

கொக்கியின் வளைவு பாதிக் கனத்துக்கு மேல் தேய்ந்து, வாய்க்கால் போலப் பள்ளம் விழுந்திருந்தது. புதிதாகச் செய்த சங்கிலியில் இப்படித் தேயாது. அது முதல் விஷயம். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முலாம் பூசியதாக இருந்தால், இவ்வளவு ஆழத்தில் செம்பு சிவப்பாகத் தெரிய வேண்டும். வெள்ளியாக இருந்தால் வெளுப்பாகத் தெரிய வேண்டும். பள்ளத்தின் அடிவரைக்கும் மஞ்சள்தான். ஊசி முனையால் கீறிப் பார்த்தாள். கீறலுக்குள்ளும் மஞ்சள்.

வாழைத்தார் சுமந்த ஒரு கழுத்தும், அதற்குப் பிறகு இன்னொரு கழுத்தும் சேர்ந்து தேய்த்த கொக்கி அது. ரசாக்கால் கல்லின் நிறத்தைக்கூடக் கொண்டுவர முடிந்தது. தேய்மானத்தை அவர் செய்யவில்லை.

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து தன் சங்கிலியை எடுத்து, இரண்டையும் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எதிர்த்த வீட்டுக்காரி வந்து பார்த்திருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லியிருக்க மாட்டாள். கில்ட்டு கொஞ்சம் கூடுதலாகவே மின்னியது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த நரசிம்மலு கை கழுவிவிட்டுத் திரும்பினான். துணிமேல் கிடந்த இரண்டையும் பார்த்தான். எது எது என்று கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை உலர்ந்த பிறகும் துடைத்தான். அதைப் பார்த்ததும் கோமளாவுக்கு இரண்டாவது விஷயமும் தெரிந்துவிட்டது.

எத்தனை காலமாகத் தெரியும் என்று கேட்டாள். அண்ணனின் பீரோவில் பட்டா தேடிய வருடம் என்றான். அப்போது வெங்கடலட்சுமி பாவாடை தாவணிக்கு வந்த சமயம். அண்ணன் ஒளிக்கவில்லை, தெருவில் சேர்ந்ததையெல்லாம் ஒரு குன்றிமணி குறையாமல் கொடுத்துவிட்டதாகவும், இது ஒன்றை விட மட்டும் மனம் வரவில்லை என்றும், தாயில்லாப் பெண்ணுக்கு ஆகட்டும் என்று வைத்ததாகவும் சொன்னாராம். எப்படியும் கொடுத்துவிட்ட நகை, உன் மனைவிக்கு அதில் நஷ்டம் என்ன என்றும் கேட்டாராம். நரசிம்மலு பீரோவை மூடிவிட்டு வந்துவிட்டான். அண்ணன் குடிவைத்த வீட்டில் இருக்கிறவன்.

“உன்ர மனசு நோகுமுன்னுதான் சொல்லலை” என்றான்.

“ஒவ்வொரு விசேசத்துலயும் நான் சிப்பாய், சிப்பாய்ன்னு சொன்னனுங்களே. அப்பெல்லாம் நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சீங்க.” அவள் குரல் உயரவில்லை. “அவரு ஒருக்காத்தானுங்க ஏமாத்துனாரு.”

அவன் சாப்பிடாமல் எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, கல்யாணம் முடியட்டும், இப்போதைக்குக் கழுவி அப்படியே கொடுத்துவிடு, பிறகு நானே அண்ணனிடம் பேசுகிறேன் என்றான். அவன் பேச மாட்டான் என்று இருவருக்கும் தெரியும். பட்டறைக்குப் போய்விட்டான்.

வீட்டில் யாரும் இல்லை. கோமளா வெகுநேரம் இரண்டு சங்கிலிகளுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கழுவிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முன்போலவே நடக்கும். அவள் மட்டும் இனி அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது. இல்லாவிட்டால் மாற்றிப் போட்டுவிடலாம். தன் கில்ட்டைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அம்மாவின் சங்கிலியை வைத்துக்கொண்டால், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கில்ட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். கில்ட்டு போய்ச் சேரும். இத்தனை வருடம் அவள் காட்டிய பொறுமை அந்த வசதியை அவளுக்குச் செய்து வைத்திருந்தது. தங்கச் சங்கிலியைக் கையில் எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோனாள். குளிர்ச்சி மேலே பட்டது. பட்டதும் எடுத்துவிட்டாள்.

கொடுத்த நகை கொடுத்ததுதான். அது அவளுடையது இல்லை. திருடிய கையிலிருந்து திருடிக்கொண்டால், அவரைக் கேட்பதற்கு அவளுக்கு என்ன வாய் இருக்கும். கட்டிக்கொண்டு போகிற பெண்ணையும் நினைத்தாள். எது என்று தெரியாமல் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாலு பேர் நடுவில் உட்கார்வது எப்படிப்பட்டது என்பது இப்போது அவளுக்குத் தெரியும். தலை பின்னிவிட்ட பெண்ணுக்கு அதைச் செய்ய முடியாது.

எழுந்தாள். பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து நுரைக்க அடித்தாள். தங்கச் சங்கிலியை அதில் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாக, அழுத்தித் தேய்த்தாள். தங்கம் அதைத் தாங்கும். பீரோவில் கிடந்த வருடங்களின் அழுக்குப் போய், அடியிலிருந்த பழைய நிறம் வந்தது. அதைத் துடைத்து, புதுத் துணியில் முடிந்து தனியாக வைத்தாள். பிறகு கில்ட்டுக்குத் தண்ணீரை ஆறவைத்தாள். அவசரப்படவில்லை. கொக்கியில் இருந்த பழைய நூலைப் பிரித்தெடுத்துவிட்டு, புது மஞ்சள் நூலைச் சுற்றினாள். பஞ்சும் சாக்கட்டியும் மாற்றினாள். ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கும் பொருள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி ஆக்கினாள்.

பொழுது சாயும் நேரத்தில் வெங்கடலட்சுமி வந்தாள். அவள் பின்னாலேயே திருமலைசாமியும் வந்தார். பத்திரிகை வைத்துத் திரும்பியவர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். மேல்துண்டுகூடப் போடாமல் வந்திருந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நரசிம்மலுவும் பட்டறையிலிருந்து வந்து சுவரோரம் நின்றான். கோமளா எப்போதும் நிற்கும் இடத்தில், உள் நிலைப்படிக்கு அப்பால் நின்றாள்.

“கழுவினது போதும், அப்படியே குடுக்கச் சொல்லு கண்ணு” என்றார் திருமலைசாமி.

வெங்கடலட்சுமி நிலைப்படியின் பக்கம் திரும்பினாள். கோமளா துணி முடிச்சை ஒரு கையிலும் தகர டப்பாவை இன்னொரு கையிலும் வைத்திருந்தாள்.

“இந்த முடிச்சுல இருக்கறது நீ கொண்டுவந்தது கண்ணு. இது தங்கம். உனக்கு நெனவு இருக்கும், சண்டை வந்தப்ப உன் கையிலதான் குடுத்தேன், நீதான் நடந்துபோய்க் குடுத்தே. சிப்பாய்க்குன்னு குடுத்தது. அங்கெ போய்ச் சேரலை.”

பெண் முடிச்சைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். “நாய்னா, அது தங்கமா?”

 அவர் தரையைப் பார்த்தபடி, “மாப்பிள்ளை ஊட்டுல தங்கமுன்னு சொல்லிப்போட்டேன்னு சொல்லு” என்றார்.

யாருக்குச் சொல்லச் சொன்னாரோ அவளுக்கு அது கேட்டுவிட்டது. ஆனால் வெங்கடலட்சுமி அசையாமல் நின்றாள். அவர்களிடம் தங்கம் என்றும், பின்னிக்குத் தெரியக் கூடாதென்று தன்னிடம் கில்ட்டு என்றும் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“மாத்திச் சொல்லிக்கச் சொல்லு கண்ணு. ஒருத்தர்கிட்ட ஒண்ணு, இன்னொருத்தர்கிட்ட ஒண்ணு சொன்னவருக்கு அது ஒண்ணும் பெரிய சிரமமில்லை” என்றாள் கோமளா.

“கோமளா” என்றான் நரசிம்மலு.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “நாய்னா கையில குடுத்தது போய்ச் சேரலை. அதனால திங்கக்கெழமை நானே கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் குடுத்துக்கறேன். இப்ப வாங்கிக்குவாங்களோ என்னமோ, தெரியாது. வாங்கலைன்னா எங்கெ குடுக்கோணுமுன்னு கேட்டு அங்கெ குடுப்பேன்.”

திருமலைசாமி எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்வதற்கு எப்போதும் நடுவில் நிற்கும் பெண், அவரைப் பார்க்கவில்லை. அவர் மறுபடி உட்கார்ந்தார்.

கோமளா முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். பஞ்சுக்கு நடுவில் சங்கிலி கிடந்தது.

“இது என்ர கழுத்துல கெடந்தது. கில்ட்டுத்தான். கேக்கறவங்ககிட்டக் கில்ட்டுன்னே சொல்லு. கல்யாணத்தன்னிக்குச் சந்தனம் பூசி, பூ வெச்சு, எல்லாம் முடிஞ்சப்பறம் கடைசியாப் போட்டுக்கோ. கழட்டுனதும் ஒத்தி எடு, தேய்க்காதே. மேட்டுப்பாளையத்துல மலைக்காத்து, ஈரம் சாஸ்தி. சாக்கட்டியை அடிக்கடி மாத்து. கொக்கியில நூல் நைஞ்சுதுன்னா வேற சுத்து. வேண்டாமுன்னாலும் சொல்லு கண்ணு, நான் வருத்தப்பட மாட்டேன்.”

வெங்கடலட்சுமி வேண்டாம் என்று சொல்லவில்லை. புடவைத் தலைப்பில் கையின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். கோமளா டப்பாவை மூடி, மூடி இறுகியிருக்கிறதா என்று ஒரு முறை விரலால் அழுத்திப் பார்த்து, நிலைப்படிக்கு மேலாக அந்தக் கைகளில் வைத்தாள்.